கும்பிடும் கையில் கருவி நிற்காது

மனிதனுக்கு இரண்டு கைகள் போதா என்னும் பேருண்மையை என் அறுபத்தெட்டாம் அகவையில், கீழ்பென்னாத்தூரை அடுத்த ஓர் ஏரியில், முழங்காலளவு சேற்றில் நின்றபடி உணர்ந்தேன்.

பணி ஓய்வுக்குப் பின் பறவைகளைப் படமெடுக்கும் வேட்கை என்னைப் பற்றிக்கொண்டது. மாப்பிள்ளை தம் உயிரனைய ஒளிப்படக் கருவியை ஒரு மாதத்திற்கு இரவல் தந்தார். (மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டேன் என்பதை அன்று அறிந்திலேன்.)

முதலில் மலையடிவாரப் புதர்க்காடு. நிழலில் அமர்ந்திருந்த ஆறுமணிக்குருவி, படத்தில் கரித்துண்டாகக் காட்சியளித்தது.

"நெழல்ல வெளிச்சத்த கூட்டி வைக்கணும் மாமா" என்றார் மாப்பிள்ளை, தொலைபேசியில்.

அடுத்து நிலக்கடலைக் கொல்லை. மண்ணோடு மண்ணாகப் படுத்து, வானம்பாடி என்று நான் எடுத்தனுப்பியது மண்ணாங்கட்டி. பின்னர் ஏரி. காட்டில் கூட்டிய ஒளியைக் குறைக்க மறந்தமையால், கொக்குகளெல்லாம் வெளுக்கப்போட்ட வேட்டிகளாயின. ஒவ்வோரிடமும் தனக்கெனத் தனிக்கண் கேட்கிறது என்பது புரிந்தபோது மாதம் முடிந்துவிட்டது. மாலையில் கருவியைத் திருப்பித் தரவேண்டும். ஒரேயொரு நற்படமேனும் எடுத்தாலன்றி மாப்பிள்ளை முகத்தில் விழிப்பதெங்ஙனம்?

அன்று விடியலிலேயே மீண்டும் ஏரிக்குப் புறப்பட்டேன்.

"அந்த கேமரா வார கழுத்துல மாட்டிக்கினு போங்க" என்றாள் மனைவி.

"கழுத்தில் வார் பூட்ட நான் என்ன உழவுமாடா?" என்று அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சென்றேன்.

நீரில் இறங்கிக் காத்திருந்தேன். ஒளியைக் குறைத்தாயிற்று, மூச்சையும் அடக்கியாயிற்று. திடீரென நூற்றுக்கணக்கான சங்குவளை நாரைகள் ஒருசேர எழுந்தன. மழை நெருங்குவதுபோல் சிறகோசை. இறகுகளின் இளஞ்சிவப்பு நீரெங்கும் படர்ந்தது. அவற்றுக்கு அப்பால், அண்ணாமலையின் உச்சியில் முதல் வெயில்.

எங்கள் ஊரில் மலை கண்ணிற்பட்டால் பேருந்து ஓட்டுநரும் ஒரு கையை நெஞ்சருகே கொண்டுபோவார். எனக்கோ இரண்டும் கூடின, தலைக்குமேல் உயர்ந்தன.

தொபுக்!

அருகே வயலுக்கு மடை திறந்துகொண்டிருந்த உழவர் ஓடிவந்தார். "இன்னா சார் இது! சாமி மலையில கீது, நீங்க ஏரியில காணிக்க போடறீங்க?"

அவரே துழாவி எடுத்து நீட்டினார். வில்லை வழியே நீர் ஒழுகிற்று. நானோ கைகளைப் பிரிக்கவும் தோன்றாமல் வானத்தையே பார்த்திருந்தேன்.

மாப்பிள்ளையை அழைத்தேன். "நாரைகளைக் கண்டு கைகூப்பினேன்; தங்கள் கருவி நீரில் அமிழ்ந்து உயிர்நீத்தது" என்றேன். (இரங்கலுரை ஆற்றுவோனைப்போல.)

"எல்லாப் பறவையும் ஒண்ணா எழுந்துச்சா மாமா?"

"எழுந்தன."

"அப்போ மலையும் தெரிஞ்சிதா?"

"தெரிந்தது."

"குடுத்து வெச்சவரு மாமா நீங்க." குரல் சற்றே உடைந்திருந்தது. நாரைகளுக்காகவா, கருவிக்காகவா என்று இன்றளவும் கேட்கத் துணிந்திலேன்.

இப்போது எனக்குப் பேரன் இருக்கிறான். வேங்கிக்காலில் மகள் வீட்டு மாடியிலிருந்து மலை முழுதாகத் தெரியும். அவனை ஏந்திக்கொண்டு நான் படியேறினால் போதும், பின்னாலேயே மகள் ஓடிவருவாள்.

"அப்பா, கொழந்தைய எங்கிட்ட குடுத்துட்டு அப்புறம் மலைய பாருங்க!"

கீழிருந்து மனைவியின் குரல் எழும்:

"அந்த கேமரா வாரு நம்ம வூட்டு ஆணியில சும்மாதான்டி தொங்குது. கொண்டாந்து அவரு கழுத்துல மாட்டுறேன் இரு!"