கந்தப்பன் பிழைப்பாரா?

கந்தப்பனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது சைத்ராவுக்கும் மூச்சு வாங்கியது.

கந்தப்பன் நிஜ மனிதர் இல்லை. கோவை நர்சிங் கல்லூரி ஒன்றில், கண்ணில் மாட்டும் வி.ஆர். கருவிக்குள் தெரியும் கம்ப்யூட்டர் நோயாளி. அது சைத்ராவுக்கும் தெரியும். ஆனால் இது செய்முறைத் தேர்வு.

"உள்ளே ஒரு வார்டு இருக்கும். என்ன தோணுதோ செய்யி," என்று மட்டும் சொல்லியிருந்தார் ஆசிரியை சாயிரா பானு. லேப் டெக்னீஷியன் நிதீஷ் கருவியை மாட்டிவிட்டான். போன தேர்வில் சைத்ராவின் நோயாளி செத்துப்போனார். இவரும் செத்தால் வருடமே போச்சு.

"அம்மணி, நெஞ்சு அடைக்குது. என்னைய உட்டுப்போட்டுப் போயிராத," என்றார் கந்தப்பன்.

"போகமாட்டேனுங்க. பயப்படாதீங்க," என்றாள், பல் கிட்டிக்க.

கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தேடினாள். இல்லை. குனிந்து பார்த்தால் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். டியூட்டியில் வளையல் போட்டால் மார்க் குறைப்பார்களே! கழற்றப் பார்த்தாள், கம்ப்யூட்டர் வளையல் கழலவில்லை.

தலைமாட்டையாவது உயர்த்தலாம் என்று கட்டில் பொத்தானை அழுத்தினாள். கால்மாடு உயர்ந்தது. "ஐயோ!" என்று கந்தப்பன் தலைகீழாகச் சரிந்தார். அவரைப் பிடிக்கப் போனதில் ஆக்ஸிஜன் குழாய் கையோடு வந்துவிட்டது. மானிட்டர் அலறியது.

கருவிக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் நர்ஸ் ஓடிவந்தாள். "யாரு இதைப் புடுங்குனது?"

"சிஸ்டர், இவருக்கு ஈசிஜி எடுக்கோணுங்க. டாக்டரைக் கூப்புடுங்க!"

"எங்களுக்குத் தெரியும். ஓரமா நில்லுங்க."

"அவருக்கு என்னாச்சுன்னாவது சொல்லுங்க!"

"டாக்டர் சொல்லுவாரு."

டாக்டர் வந்தார். சைத்ராவின் பக்கம் திரும்பவே இல்லை. கந்தப்பனின் கண் செருகியது. இனிப் பொறுத்தால் ஆள் போய்விடுவார் என்று பாய்ந்து, அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள்.

"உசுரோட இருக்கறேன் அம்மணி!" என்று கந்தப்பன் கதறினார்.

"செக்யூரிட்டி!" என்று நர்ஸ் கத்தினாள்.

காக்கி உடுப்புக்காரர் ஒருவர் வந்து சைத்ராவை வெளியே தள்ளினார். கதவு சாத்திக்கொண்டது. தட்டினாள், திறக்கவில்லை. உள்ளே மானிட்டர் நீளமாய் ஒரு சத்தம் போட்டு நின்றது. பிழைத்தாரா, போய்விட்டாரா? கேட்கக்கூட ஆளில்லை. தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

நிதீஷ் கருவியைக் கழற்றினான்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் சாயிரா பானு.

"பயமா இருந்துச்சுங்க மிஸ். யாருமே ஒண்ணுமே சொல்லலைங்க. என்னைய ஒரு மனுசியாவே மதிக்கலைங்க!"

ஆசிரியை தலையாட்டினார். "இதை ஆயுசுக்கும் மறந்துறாதே. உனக்கு முழு மார்க்கு."

சைத்ராவுக்கு அழுகை நின்றுபோனது. "நர்ஸா நான் ஒரு வேலையும் உருப்படியாச் செய்யலையே மிஸ்?"

கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த நிதீஷ் நிமிர்ந்தான்.

"ஏனுங்க, இதுல நீங்க நர்ஸே இல்லீங்க. கந்தப்பனோட சம்சாரமுங்க!"