மூன்றாவது கொட்டேஷன்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

பொருள்: ஆறு நாள் சைக்கிள் சுற்றுலா – அமைப்பாளரைத் தேர்வு செய்து முடித்தது – தங்கள் தங்கையிடம் தாங்கள் ஒரு வார்த்தை பேசுவது – தொடர்பாக.

தங்கள் நலமும் அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். இங்கே நான் மிக்க நலம். தங்கள் தங்கையும் நலமாகத்தான் இருக்கிறாள் என்பதை அடுப்படியில் பாத்திரங்கள் வைக்கப்படும் சத்தத்திலிருந்து தெரிந்துகொள்கிறேன். நான்கு நாட்களாக அவள் என்னிடம் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்பது என் கணிப்பு. இருந்தாலும் உடன்பிறந்தவர் ஒருவர் கேட்டு உறுதி செய்வது முறை என்பதால் இக்கடிதம்.

விஷயம் இதுதான். இருபத்தெட்டு வருடம் சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போட்டவள், ஓய்வு பெற்ற மறுவாரமே ரிப்பேர் கடையில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்தாள். இருபது பேர் சேர்ந்து ஆறு நாள் ஓட்டுவார்களாம். மூட்டை முடிச்செல்லாம் வேனில் வரும், மெக்கானிக் கூடவே வருவார், தங்க அறையும் வேளாவேளைக்குச் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, முடியாதவர்கள் வேனில் ஏறிக்கொள்ளலாம். மிதிப்பது மட்டும் நம்முடையது. "ஏங்க, இத்தனை வருஷம் ஊசிப் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஓட்டினேன். ஒரு ஆறு நாளாவது சும்மா ஓட்டணும். நீங்களும் வாங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயுமே போனதில்லை" என்றாள். அது உண்மை. ஒவ்வொரு முறையும் நான் போகுமிடத்தைப் பரிசீலித்து முடிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும். அவள் முகத்தைப் பார்த்தபோது இந்த முறை எப்படியும் போய்விட வேண்டும் என்று எனக்கே தோன்றியது. "தேர்வை என்கிட்ட விடு" என்றேன். முப்பத்து நான்கு வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவன் வேறென்ன சொல்வான்? நான் வாங்கிப் போட்ட மேசைகள் இன்றுவரை ஆடாமல் நிற்கின்றன. அவை வந்து சேர ஏழு வருடம் ஆனது வேறு விஷயம்.

கொள்முதலில் முதல் விதி, மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது. விசாரித்தால் இந்தத் தொழிலில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவர் தாடிக்காரர், மனைவியோடு சேர்ந்து நடத்துகிறார். இன்னொருவர் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இல்லாமல் பேச மாட்டார். முதலில் தாடிக்காரரிடம் அறுபத்திரண்டு கேள்விகளோடு போய் உட்கார்ந்தேன். முப்பதாவது கேள்வி வரை மனிதர் சிரித்த முகமாகத்தான் பதில் சொன்னார். முப்பத்தொன்றாவதாக, கூட வரும் வேன் பஞ்சரானால் என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "இன்னொரு வேன் வரும் ஐயா" என்றார். "அதுவும் பஞ்சரானா?" என்றேன். அது முப்பத்திரண்டாவது கேள்வி. "ஐயா, நீங்க சைக்கிள் ஓட்ட வர்றீங்களா, எங்களை ஆடிட் பண்ண வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஒத்துழைப்பு குறைவு என்று குறித்துக்கொண்டேன்.

டிரில் மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளோட்டத்துக்கு அழைத்தார். தங்கள் தங்கை முன்வரிசையில் பறந்துவிட்டாள். நான் நிதானமாகக் கூட்டத்தின் கடைசியில் போனேன். எனக்கும் பின்னால் ஒரு இளைஞர் வந்துகொண்டே இருந்தார். பாவம், வழிக்காகக் காத்திருக்கிறார் என்று நான் ஓரமாக நின்றேன். அவரும் நின்றார். "நீங்க போங்க தம்பி" என்றேன். "இல்லை சார், நீங்க போங்க" என்றார். "பரவாயில்லை, எனக்கு அவசரமில்லை" என்றேன். "எனக்கும் இல்லை சார்" என்றார். இவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளையை மிஞ்ச விடலாமா? கால் மணி நேரம் இருவரும் ஒரு மின்கம்பத்தடியில் மாறி மாறி வழிவிட்டுக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர், "சார், எல்லாருக்கும் பின்னாடி வர்றதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க. நீங்க நகர்ந்தாத்தான் நான் நகர முடியும்" என்றார். இதை முதலிலேயே எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டாமா? அதற்குள் கூட்டம் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தது. என்னையும் சைக்கிளையும் வேனில் ஏற்றினார்கள். ஒரு விதத்தில் நல்லதுதான், வேனையும் பரிசோதித்ததாக ஆயிற்று. இருக்கை நன்று, ஜன்னல் நன்று, ஓட்டுநர் நன்று.

மேட்டில் தங்கள் தங்கையின் பக்கத்திலேயே வேன் போயிற்று. மச்சான், அவள் யாரோ இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டே மிதித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. ஜன்னல் வழியாகக் கையசைத்தேன். என்னை வேனுக்குள் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெயில் காரணமாக இருக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். மூன்றாவது கொட்டேஷனுக்கு ஆள் வேண்டும். எங்கள் தெரு முனையில் கல்யாண கோஷ்டிகளுக்கு பஸ் விடும் மீசைக்காரர் இருக்கிறாரே, அவரிடம் போய், சும்மா கணக்குக்காக ஒன்று எழுதிக் கொடுங்கள் என்றேன். இதெல்லாம் அலுவலகத்தில் வழக்கம்தான். அவரும் தட்டாமல், நாற்பது இருக்கை பஸ், சைக்கிள்களைக் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டித் தருவோம் என்று எழுதிக் கொடுத்தார். நான் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு மார்க் வழங்கினேன். கூட வரும் வாகனத்தின் வசதி: பஸ்ஸுக்கு முழு மார்க். கீழே விழும் அபாயம்: பஸ்ஸில் இல்லவே இல்லை, முழு மார்க். சைக்கிள் பஞ்சராகும் வாய்ப்பு: கூரைமேல் எப்படிப் பஞ்சராகும்? முழு மார்க். மழை, வெயில், மேடு, நாய் துரத்தல், எல்லாவற்றிலும் பஸ்தான். கூட்டிப் பார்த்தால் தாடிக்காரர் ஐம்பத்தெட்டு, டிரில் மாஸ்டர் அறுபத்தொன்று, மீசைக்காரர் தொண்ணூற்று நான்கு! சும்மா கேட்ட கொட்டேஷன்தான். அதற்காக முதலிடம் பெற்றவரை ஒதுக்க முடியுமா? நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது? அன்றே ஆணையை டைப் அடித்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் தேதி புறப்பாடு.

முடிவைத் தங்கள் தங்கையிடம் முறைப்படி வாசித்தேன். பொறுமையாகக் கேட்டாள். "சைக்கிள் எங்க இருக்கும்?" என்றாள். "மேலே" என்றேன். "நாம?" என்றாள். "உள்ளே" என்றேன். "சரி" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அந்தச் "சரி"யை ஒப்புதலாகப் பதிவு செய்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் பேச்சில்லை.

ஆகவே மச்சான், தாங்கள் போன் செய்து, வீட்டுக்காரர் தீர ஆராய்ந்து எடுத்த முடிவு என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். மேலும், எங்கள் இருவர் போக முப்பத்தெட்டு இருக்கைகள் காலியாக இருப்பதால், தாங்களும் அக்காவும் சம்பந்தி வீட்டாரும் சைக்கிளோடோ சைக்கிள் இல்லாமலோ வந்து சிறப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். தங்கள் இல்லத்தில் எந்தக் காரியமும் நிலுவையில் நிற்காமல் நல்லபடியாக நிறைவேற வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் விரும்பும்,
தங்கை வீட்டுக்காரர்

பின்குறிப்பு: தாங்கள் பேச வேண்டாம். உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது தங்கள் தங்கை வந்து கடிதத்தை எடுத்து முழுவதும் படித்தாள். நோட்டீஸைப் பார்த்த அன்றே, அதை ஒட்டிய தாடிக்காரரிடம் இரண்டு பேருக்கும் இடம் சொல்லிவிட்டாளாம். நாளை காலை ஆறு மணிக்குப் புறப்பாடாம். "மூணு மாசமா நான் ஆராய்ஞ்சதெல்லாம் என்னாகிறது?" என்றேன். "நீங்களா வருவீங்களான்னு பார்த்தேன். அதுக்குத்தான் சொல்லலை" என்றாள். "நாலு நாளா ஏன் பேசலை?" என்றேன். "தனியா போறதான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். உறையைக் கீழே வைத்துவிட்டேன், மச்சான். "மேடு வந்தா என்னால முடியாதே" என்றேன். "இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவோம். நானும் இறங்கிடறேன். வேன்ல மட்டும் ஏறாதீங்க" என்றாள். மூட்டைகளை ஏற்றிக்கொள்ளத் தாடிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்திட வேண்டிய நான்கு பக்க உறுதிமொழிப் படிவமும் கையில் வைத்திருக்கிறார். பொடி எழுத்து, பதினேழு நிபந்தனைகள் போலத் தெரிகிறது. மீசைக்காரர் பஸ்ஸும் நாற்பது இருக்கைகளும் இனித் தங்கள் பொறுப்பு. நான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.