பல் டாக்டர் சுவத்துல ஒரு லிஃப்ட்

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்க மாப்பிள்ளை எழுதறது. நான் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம்னு அத்தை நேத்து போன்ல அழுதுக்கிட்டே சொன்னாங்க. போன் போட்டா "ம், இந்தா"ன்னு நீங்க அத்தைகிட்ட குடுத்துடறீங்க, அத்தை அழறாங்க, நான் சிக்னல் சரியில்லைங்கறேன், அவங்க "சாப்பிட்டீங்களா மாப்ளே"ங்கறாங்க. நானும் சாப்பிட்டேங்கறேன். அதோட பேச்சு முடிஞ்சுடுது. அதான் லெட்டர்.

மாப்பிள்ளைக்கு மூளை குழம்பிடுச்சு, லிஃப்ட் கம்பெனிக்கு லீவைப் போட்டுட்டு பல் கிளினிக்ல சுவத்தை வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு எங்க மாடிவீட்டுக்காரர் உங்ககிட்ட வத்தி வெச்சாராமே. ஞாயித்துக்கிழமை வந்து என்னைக் கையோட கூட்டிட்டுப் போகப் போறீங்கன்னு அத்தை சொன்னாங்க. மாமா, நான் தெளிவாத்தான் இருக்கேன். உக்காரக்கூட இல்லை, நின்னுக்கிட்டுதான் இருக்கேன். நடந்ததைச் சொல்றேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

உங்க பொண்ணு கடைசியா படம் வரைய ஒத்துக்கிட்டது அந்தச் சுவர்தான். வெயிட்டிங் ரூம்ல கதவுலேர்ந்து ஜன்னல் வரைக்கும் ஒரு காடு. குரங்கு, ஒட்டகச்சிவிங்கி, யானை, வாயைப் பொளந்துக்கிட்டு ஒரு முதலை. மேல எல்லாம் முடிச்சுட்டா. கீழ, இடுப்பு உயரத்துக்கு, வெறும் வெள்ளை. அதுக்குள்ள காய்ச்சல் வந்துது, அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். போன மாசம் டாக்டர் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், பாதிக் காட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? யாராவது முடிச்சுக் குடுங்க, இல்லேன்னா அடுத்த மாசக் கடைசியில டைல்ஸ் ஒட்டிடறேன்"னார். டைல்ஸ்னா மொத்தச் சுவரும் மாமா, முதலையோட. அவ போட்டதுல என் கைக்கு எட்டற தூரத்துல இருக்கறது இந்தச் சுவர் ஒண்ணுதான். "நானே முடிக்கிறேன் சார்"னு என் வாய் சொல்லிடுச்சு. நான் சொல்லலை.

நான் வரையற லட்சணம் உங்களுக்குத் தெரியாது. உங்க பொண்ணு ஒரு தடவை பேப்பரை நீட்டி, "எங்க, ஒரு பூனை போடுங்க பாப்போம்"னா. போட்டேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுக்கு சார்ஜரை எங்க சொருகணும்?"னு கேட்டா. அப்பேர்ப்பட்டவன் லிஃப்ட் வேலைக்கு அளக்கற ரசமட்டம், தூக்குகுண்டு, டேப் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு காட்டுக்குள்ள இறங்கிட்டேன். அளந்து பாக்கறப்பதான் ஒண்ணு பிடிபட்டுது. எல்லா மிருகமும் கீழயே பாக்குது! காரணம் இல்லாம யானை குனியுமா? ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கண்ணுலயும் ஒரு நூலை ஒட்டி, அது பாக்கற பக்கமா இழுத்தேன். எல்லா நூலும் குட்டி நாற்காலி போட்டிருக்கற மூலைக்கு வந்து நின்னுது. அந்த நேரம் பாத்து, ஊசி போட்டு வாய் மரத்துப்போன ஒருத்தர் உள்ளேர்ந்து வந்து நூல்ல சிக்கிக்கிட்டு "ழழ்ழா, ழழ்ழா"ன்னார். அங்க இருந்த யாருக்கும் புரியலை, எனக்குப் புரிஞ்சுது. எனக்கும் கொஞ்ச நாளா உடம்பு பூரா அப்படித்தான் இருக்கு.

சரி, அந்த மூலையில என்ன இருக்கணும்? காத்துக்கிட்டிருக்கற எல்லாரும் ஒரே இடத்தைப் பாக்கறாங்கன்னா அங்க லிஃப்ட்தான் இருக்கும். எங்க தொழில்ல இது அரிச்சுவடி. கண்ணை மூடிக்கிட்டு நான் வரையக்கூடிய பொருளும் உலகத்துல அது ஒண்ணுதான். போட்டேன் மாமா! கதவு, பட்டன், அம்புக்குறி, "எட்டு பேர் அல்லது கால் யானை"ன்னு போர்டு. எங்க கம்பெனி ஆள் ஒருத்தன் பல்லுக்கு வந்தவன், குனிஞ்சு பாத்துட்டு, "கதவுக்கும் தரைக்கும் கேப் கரெக்டா விட்டிருக்கய்யா"ன்னு முதுகுல தட்டினான். பசங்கதான் தொல்லை. பெயின்ட் காயறதுக்குள்ள பட்டனை அமுக்குது. ஒரு வாண்டு, டாக்டர் கூப்பிட்டா, "லிஃப்ட் வரட்டும், வரேன்"னு நகர மாட்டேன்னுடுச்சு. கயிறு கட்டி "தொடாதே"ன்னு அட்டை மாட்டி, நானே காவலுக்கு நின்னேன். மாடிவீட்டுக்காரர் பாத்தது அதைத்தான்.

இப்ப சந்தோஷமான சேதி. மேல்மாடி கண் டாக்டர் பாத்துட்டு, அவர் சுவத்துலயும் ஒரு லிஃப்ட் வேணுமாம். நிஜ லிஃப்டை ரிப்பேர் பண்ணப்ப ஒருத்தரும் என்னை இப்படிப் பாராட்டினதில்லை. அதனால வேலையை விட்டுட்டு முழுநேர ஓவியனா ஆகறதுன்னு முடிவு பண்ணி, ராஜினாமா லெட்டர் எழுதி சட்டைப் பையில வெச்சிருக்கேன். சிரிக்காதீங்க. பிரஷ் கையில இருக்கற நேரம் மட்டும், வீட்டுல யாரும் இல்லைங்கறது ஞாபகம் வர்றதில்லை. அதனால ஞாயித்துக்கிழமை நீங்க வர வேண்டாம். வந்தாலும் நான் வர்றதா இல்லை.

அத்தைக்கு என் வணக்கம். சாப்பிடறேன்னு சொல்லுங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. உங்க ஆசீர்வாதம் ஒரு ஓவியனுக்கும் செல்லும்னு நம்பறேன்.

இப்படிக்கு,
உங்க மாப்பிள்ளை

பி.கு.: மேல எழுதினது எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க மாமா. லெட்டரை ஒட்டறதுக்குள்ள எல்லாம் கவுந்துடுச்சு. பிரசவ லீவுல போயிருந்த ரிசப்ஷன் பொண்ணு இன்னிக்கு வேலைக்குத் திரும்பினா. சுவத்தைப் பாத்ததும், "ஐயையோ, என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க?"ன்னா. "முடிச்சிருக்கேன்மா"ன்னேன். "அது முடிஞ்சுதான் சார் இருந்துச்சு! கீழ வெள்ளை பசங்களுக்கு. வந்து உக்கார்ற பசங்க வரையட்டும்னு அக்கா விட்டது. அதைத்தானே மிருகமெல்லாம் வேடிக்கை பாக்குது?" நான் டாக்டரைப் பாத்தேன். "என்கிட்ட யார் சொன்னா?"ன்னார் அவர். வாயைத் தவிர வேற எதையும் பாக்காத மனுஷன்.

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொன்னா. சின்ன வயசுல உங்க பொண்ணு வீட்டுச் சுவர் பூரா வரைவாளாம், நீங்க திட்டிக்கிட்டே வெள்ளையடிப்பீங்களாம், அது காயறதுக்குள்ள அவ மறுபடி சாக்பீஸோட வந்து நிப்பாளாம். ஒரு தடவை கூட நீங்க சாக்பீஸைப் பிடுங்கினதில்லையாம். "எங்கப்பா மட்டும் அதைப் பிடுங்கியிருந்தா நான் இந்நேரம் ஏதாவது ஆபீஸ்ல ஃபைல் தூக்கிக்கிட்டிருப்பேன்"னு சொல்லிச் சிரிச்சாளாம்.

லிஃப்டை நானே அழிச்சுட்டேன். ரெண்டு கோட் வெள்ளை. கயித்தை அவுத்ததுதான் தாமதம், பசங்க சாக்பீஸோட மொய்ச்சுடுச்சுங்க. ராஜினாமா லெட்டரை ஒரு குட்டிப் பொண்ணு பின்பக்கம் காலியா இருக்குன்னு வாங்கிக்கிட்டா, நான் திருப்பிக் கேக்கலை. டாக்டர் டைல்ஸ்காரனை வேண்டாம்னுட்டார். வெயிட்டிங் ரூம்ல அழுகைச் சத்தமே இல்லையாம், உள்ள வரச் சொன்னாதான் அழறாங்களாம்.

இந்த வேகத்துல போனா சனிக்கிழமைக்குள்ள சுவத்துல இடம் இருக்காது. எனக்கு வெள்ளையடிக்கத் தெரியும், திட்டிக்கிட்டே அடிக்கத் தெரியாது. ஞாயித்துக்கிழமை கட்டாயம் வாங்க மாமா. பழைய சட்டை போட்டுக்கிட்டு வாங்க.