லவீனா தேடிய குதிரைகள்

"அக்கா, உனக்கு என்ன வேணுமெண்டாலும் என்னட்டை வாய் திறந்து கேள்."

"கேக்கிற நேரம் கேப்பன் தம்பி."

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று றஞ்சித்தும் அவனுடைய அக்கா அருமைநாயகியும் பேசிக்கொண்டது அது. பதினொரு வருடமாகியும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தம்பி வீட்டில் இருந்துகொண்டு ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கினாள். றஞ்சித்துக்கும் அது மறந்துபோயிற்று. இப்போது அவனுடைய தலைக்குள் இருந்தது ஒரே ஒரு பெயர்தான்: றோய்.

"கழுத்து என்ன வடிவு! நிக்கிற நிலையும் ராசா மாதிரி" என்று மனைவி லவீனா தொலைபேசியில் உருகிக்கொண்டிருந்தாள்.

"ஆற்றை கழுத்து?"

"றோயின்ரை குதிரையின்ரை கழுத்தப்பா."

"ஒரு கழுத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலமோ?"

மிருக வைத்திய அலுவலகத்தில் வேலை செய்யும் லவீனாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்திருந்தது. பண்டத்தரிப்பு மைதானத்தில் ஒரு குதிரைக் காட்சி. ஏறி ஓடுவதில்லை. தலைக்கயிற்றில் பிடித்து நடத்தி வந்து நிறுத்தவேண்டும், உடலமைப்புக்குப் பரிசு. அரியாலை றோய், நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த செங்குதிரை ஒன்றை வளர்த்தான். மனைவியை இழந்தவன். நாற்பத்தைந்திலும் தலை நிறைய முடி. அந்த முடியைத்தான் றஞ்சித்தால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு இனத்தை வைச்சு என்ன காட்சி? நாலு இனமாவது வேணும். இல்லாட்டிச் சனம் சிரிக்கும்" என்றான். குடாநாட்டில் நாலு இனக் குதிரை கிடைக்காது, காட்சி அத்தோடு கைவிடப்படும் என்பது அவன் கணக்கு.

"அட, உங்களுக்கு இப்பிடி ஒரு மூளையோ!" என்று லவீனா துள்ளினாள். அடுத்த நாளே குதிரை தேடப் புறப்பட்டாள். றோயின் வான் வண்டியில்.

றஞ்சித் அக்காவிடம் ஓடினான். "அக்கா, நீயும் கூடப் போ. அவை என்ன கதைக்கினம் எண்டு பார்."

"எனக்குக் குதிரையெண்டால் பயமடா."

"எனக்காகப் போ."

அக்கா போனாள். பின்னேரம் சேலையில் வைக்கோலோடு திரும்பி வந்தாள்.

"என்ன கதைச்சவை?"

"குதிரையைப் பற்றித்தான்."

"சிரிச்சவையோ?"

"ஓம்."

"ஆர் சிரிச்சது?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும்தான்."

கொடிகாமத்தில் ஒரு மட்டக்குதிரை கிடைத்தது. காரைநகரில், கலியாண ஊர்வலத்துக்கு விடுகிற, காது உள்ளே வளைந்த மார்வாரி இனக் குதிரை ஒன்று. நாலாவது இனத்தைத் தேடித் தேடியே ஒரு பயணம் ஆறு பயணமாயிற்று. ஆறுக்கும் அக்காவைக் காவலுக்கு அனுப்பினான். நான்காவது பயணத்தில் அவன் கேட்காமலே அவள் வானில் ஏறியிருந்தாள். தம்பிமேல் இவ்வளவு பாசமா என்று அவனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

பிறகு சுவரொட்டி வந்தது. குதிரையை மறைத்துக்கொண்டு றோய் சிரித்தான். கொடிகாமம் சந்தையில் சிரித்தான், பேருந்து நிலையத்தில் சிரித்தான், கடைசியில் றஞ்சித்தின் சொந்த மதிலிலும் நின்று சிரித்தான்.

"அவரை நடுவராப் போடும். அவற்றை குதிரை சும்மா காட்சிக்கு நிக்கட்டும்" என்றான் றஞ்சித், ஒரு கெட்டிக்காரத்தனத்தோடு. "நடுவர் ஒழுங்குபடுத்திறவையோடை கதைக்கப்படாது. அதுதான் முறை."

"சரியான கதை. ஆனா நடுவருக்கு நாங்கள் சாப்பாடு குடுக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லட்டே?"

ஞாயிற்றுக்கிழமை றோய் மூன்றாம் முறையும் சோறு வாங்கினான். "நண்டுக்கறி ஆர் வைச்சது?"

"அக்கா" என்று சொல்லிக்கொண்டே லவீனா பெரிய நண்டுக்காலை அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். றஞ்சித்துக்கு அந்த நண்டுக்கால் மட்டும்தான் கண்ணில் பட்டது. அவனுக்கு வந்தது சின்னக் கால்.

காட்சி நாளன்று மைதானம் நிறைந்துவிட்டது. மனைவியின் கண்முன்னே வெல்வதென்று றஞ்சித் கொடிகாமத்து மட்டக்குதிரையின் கயிற்றைத் தானே பிடித்தான். நடுவருக்கு முன்னால் குதிரை பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. இழுத்தான். அது அவனைப் பரிசு மேசைவரை இழுத்துக்கொண்டு போய், அங்கே நின்ற அக்கா அருமைநாயகியின் பரிசுத் தட்டில் இருந்த சிவப்பு நாடாவைத் தின்றது. சனம் விசிலடித்தது. மேசையடிக்கு ஓடிவந்த றோய் தட்டைத் தாங்கிப் பிடித்தான். லவீனா கணவனைப் பார்க்கவேயில்லை. றோய் நின்ற பக்கத்தையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

றஞ்சித்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பரிசளிப்பு முடிந்ததும், ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவுக்குப் பின்னால் றோயை மறித்தான்.

"இனி எங்கடை படலைக்குள்ளை கால் வைக்கப்படாது. நீர் ஏன் வாறீர் எண்டு எனக்குத் தெரியும்."

றோயின் முகம் வெளிறியது. "தெரியுமோ? பிழை என்னிலைதான் றஞ்சித். முதலே உங்களிட்டை வந்து கேட்டிருக்கவேணும்."

"கேக்கிறதோ! கேட்டால் தருவன் எண்டு நினைச்சீரோ?"

றோய் தலை குனிந்தபடி செங்குதிரையை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

வென்றுவிட்ட திருப்தியோடு றஞ்சித் திரும்பினான். மட்டக்குதிரைக்குப் பக்கத்தில் அக்கா நின்றாள். பயமில்லாமல் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அப்பா செத்த அண்டைக்கு ஒண்டு சொன்னனி. ஞாபகமோ?"

"ஓம் அக்கா. என்ன வேணும், கேள்."

அக்கா வெறும் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"றோயை எனக்குக் கலியாணம் பேசிவிடடா. லவீனா பாவம், உதுக்காக எத்தினை குதிரை தேடினவள்!"