ஆரோக்கியமான நபர் எண் ஒன்று

ஆரோக்கியமான நபர் எண் ஒன்றின் மலத்தில் கிருமி முளைத்திருந்தது.

அவள் கிருமி வளர்க்கும் தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். திருப்பினால் போய்விடுமா? ஓரம் பிசிறடித்த சாம்பல் புள்ளிகள், சுமார் நாற்பது, அவளைப் பார்த்துப் பல்லிளித்தன.

சாதாரணக் கிருமி என்றால் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இது வித்துக் கட்டும் குடல் கிருமி. ஆபத்து என்றால் ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும். சூடு, சானிடைசர் எதற்கும் அசையாது. யாராவது வேறு நோய்க்கு மாத்திரையாக விழுங்கி, குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்றுவிட்டால் போதும். காலி வீடு கிடைத்த குஷியில் எழுந்து உட்கார்ந்து நஞ்சைக் கக்கும்.

நோயாளிகளிடம் அந்த நஞ்சு இருக்கும், ஆரோக்கியமானவரிடம் இருக்காது. அவளுடைய நான்கு வருட முனைவர் பட்ட ஆய்வு நின்றதே இந்த ஒற்றைக் காலில்தான்.

ஆரோக்கியமானவர் யார்? சாட்சாத் அவளுடைய பேராசிரியர்தான். "எனக்குத் தலைவலின்னு ஒண்ணு வந்து இருபது வருஷமாச்சு. என்னோடதையே எடுத்துக்கோங்க" என்று கூட்டத்தில் மார்தட்டியவர். திங்கட்கிழமை காலையில் அவர் கையெழுத்துப் போட்ட டப்பா, கறுப்புப் பைக்குள் பத்திரமாக, துப்புரவு அக்காவின் கையால் அவளிடம் வந்து சேரும்.

"என் வயித்துல கிருமியா?" உள்ளங்கையில் சானிடைசரைப் பீய்ச்சிக்கொண்டே கேட்டார் பேராசிரியர். கதவுக் கைப்பிடியைக்கூட டிஷ்யூ வைத்துத் தொடுகிறவர். "முதல்ல உன் கையைப் பாரும்மா."

"கிளவுஸ் போட்டுத்தான் சார் செஞ்சேன்."

"கிளவுஸுக்குள்ள இருக்கிறது உன் கைதானே? சுத்தம்கிறது சின்ன வயசுலேருந்து வரணும். உங்க வீட்டுல யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. உன்மேல தப்பில்ல."

அவள் வீட்டில் எட்டாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். சுத்தம் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில்தான் வருகிறது போலும்.

சரி, கழுவிக் காட்டுவோம் என்று பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மேஜை, அலமாரி, நாற்காலிக் கால் வரை தேய்த்தாள். தரையைத் துடைக்க அக்காவைத் தேடினால் ஆளில்லை. வாளி இங்கே, துடைப்பம் அங்கே. கடைசியில் வராந்தாவில் பிடித்தாள்.

"எங்கக்கா போறீங்க, பாதி வேலையில?"

"இதோ, பாத்ரூம் வரைக்கும்தாம்மா."

கால் புண்ணுக்கு ஒரு மாதம் ஊசியும் மாத்திரையுமாக லீவில் இருந்த அக்கா, திரும்பி வந்த நாளாக இப்படித்தான். புண் ஆறியும் டிமிக்கி ஆறவில்லை என்று பல்லைக் கடித்தபடி அவளே துடைத்தாள். அவசரத்தில் வாளி கவிழ்ந்து, பக்கத்து மேஜையடியில் சீனியர் திறந்து வைத்திருந்த கிருமித் தட்டுகளுக்குள் பிளீச்சிங் தண்ணீர் தெறித்தது.

"நாலு மாசம்!" என்று அலறினார் சீனியர். "பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன்!"

"கிருமியைத்தானே அண்ணா?"

"உனக்குக் கிருமி. எனக்கு தீசிஸ்!"

அன்று முதல் ஆய்வகத்தில் அவள் பெயர் பிளீச்சு. இரண்டாவது டப்பாவில் புள்ளிகள் தொண்ணூறு.

"அப்போ உன் வயித்துலேருந்துதான் வருது. உங்க தெருத் தண்ணி அப்படி" என்றார் பேராசிரியர். அவளுடையதையும் பரிசோதித்தாள். ஒரு புள்ளி இல்லை. அந்தத் தட்டைக் கொண்டுபோய் நீட்டியதற்கு, "பாரு, உன்னோடதுன்னா மட்டும் சுத்தமா செய்யறே" என்றார்.

சீல் உடையாமல் வந்த மூன்றாவது டப்பாவை அவர் கண்ணெதிரிலேயே திறந்தாள். இந்த முறை புள்ளிகளை நம்பாமல் நஞ்சுப் பரிசோதனையும் செய்தாள். நஞ்சு உண்டு என்று காட்டும் கோடு பளிச்சென்று விழுந்தது.

"சார், இது கையிலேருந்து ஒட்டினதில்ல. டப்பாவுக்குள்ளயே நஞ்சு இருக்கு. நீங்க உடனே டாக்டரைப் பாக்கணும் சார். இதை விட்டா ஆளையே கொன்னுடும்."

வேறு யாராக இருந்தாலும் முகம் வெளுத்திருக்கும். அவர் சிரித்தார்.

"பாக்கறேனே. ஆஸ்பத்திரியிலயே குடுக்கறேன். ஒண்ணுமில்லேன்னு வந்தா, நீயா எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பிடணும். சம்மதமா?"

நஞ்சு என்று சொல்லியும் ஒரு மனுஷனுக்கு எங்கிருந்து வருகிறது இந்தத் தைரியம்? பெரிய மனிதர்களுக்குக் குடலும் பெரிதாக இருக்கும் போல.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. கிருமியும் இல்லை, நஞ்சும் இல்லை. கூடவே அவர் டைப் அடித்த கடிதமும் வந்தது: 'என் சுகாதாரக் குறைபாட்டால் ஆய்வைக் கெடுத்த நான், இதிலிருந்து விலகுகிறேன்.' கீழே அவள் பெயர். சாயங்காலம் ஐந்து மணிக்குள் கையெழுத்து.

நாலரைக்கு அம்மா போன் செய்தாள். "உன் பேருக்கு முன்னாடி டாக்டர்னு எப்போ போடுவாங்க? சித்தி கேட்டுக்கிட்டே இருக்கா."

"போடுவாங்கம்மா" என்று வைத்துவிட்டாள்.

பேனா மூடியைத் திறந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, துப்புரவு அக்கா மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். புடவை மெலிந்துபோன உடம்பில் நிற்காமல் நழுவியது.

"ஏம்மா, அந்த டப்பாவுல ஆளைக் கொல்ற சீக்கு இருக்குன்னு சார்கிட்ட சொன்னியே. அதுக்கு மருந்து இருக்கா?"

"இருக்கு. அதைப் பத்தி உங்களுக்கென்னக்கா இப்போ? சாருக்குத்தான் ஒண்ணுமே இல்லையாமே."

"அவருக்கு எப்படிம்மா இருக்கும்? டப்பாவைக் கண்டாலே அருவருப்புன்னு, மூணு தடவையும் அதுல என்னையில்ல வெளிக்குப் போகச் சொன்னாரு."