காத்தாடி பாய் எழும்பினாரா?

மின்விசிறிக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மின்விசிறிக்கு மேலே படுத்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். தாராவி காத்தாடி பாய். அதுவும் தூங்குவதற்காக இல்லை, ஆகாய விமானத்திலிருந்து குதிப்பதற்காக. ஏன் குதிக்க வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். அவரையே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு முன் பாதி புரிந்த மாதிரி இருக்கும். பதில் வந்த பிறகு அந்தப் பாதியும் போய்விடும்.

எண்பதுகளின் நடுவில் நான் பம்பாய் ஃபோர்ட் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் டெலெக்ஸ் ஆபரேட்டராக இருந்தேன். நைட் ஷிஃப்ட். பகலில், தாராவியில் பாயின் கடைக்கு மேலே தகர ஏணி வைத்து ஏறும் பரணில் தூங்க வேண்டும். தூங்க வேண்டும் என்பது என் திட்டம். கீழே பாய் விசிறிகளைப் பழுது பார்ப்பார். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் விசிறிக்குக் காத்தாடி என்றுதான் பேர். அதனால் அவர் காத்தாடி பாய். சொந்தப் பேர் என்னவென்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வீட்டு விசிறியில் ஆரம்பித்து, தோல் பட்டறை எக்ஸாஸ்ட், பிளாஸ்டிக் பட்டறையில் காற்றூதும் ப்ளோயர் வரைக்கும், சுற்றுகிற எதுவும் அவர் கையில் வந்தால் சுற்றும். என் தலை உட்பட.

எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய மச்சினர். கப்பலில் வேலை பார்த்தவர். லீவில் வந்தவர் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே அமெரிக்காவில் பார்த்த ஒரு அதிசயத்தைச் சொன்னார்.

"மச்சான், அங்க ஒரு ரூம்பு இருக்கு. கீழ இருந்து மேல பாத்து காத்து அடிக்குது. ஆளு உள்ள குப்புறப் படுத்தா அப்படியே மெதக்கான். ப்ளேன்ல இருந்து குதிக்கப் படிக்கவன்லாம் மொதல்ல அதுலதான் பழகுதான்."

வேறு யாராக இருந்தாலும் "அப்படியா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருப்பார்கள். பாய் டீயைக் கீழே வைத்தார்.

"கீழ இருந்து காத்தா? அது நம்ம தொழிலுல்லா!"

அங்கேதான் குழப்பம் ஆரம்பம். அமெரிக்காக்காரன் விமானத்திலிருந்து குதிக்க ஆசைப்பட்டான், அதற்காகக் காற்றைத் தேடிப் போனான். பாயிடம் காற்று ஏற்கெனவே இருந்தது. இவ்வளவு காற்றை வைத்துக்கொண்டு குதிக்காமல் இருப்பது நியாயமா என்று யோசித்தார். நான் மேலிருந்து தலையை நீட்டி, "பாய், ஒங்களுக்கு எதுக்கு ப்ளேன்ல இருந்து குதிக்கணும்?" என்று கேட்டேன்.

"காத்து ரெடியா இருக்குல்லா தம்பி" என்றார்.

நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அப்போது பம்பாயில் துணி மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். பழைய இரும்புக் கடைகளில் மில் சாமான்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. பாய் நாலு ராட்சத ப்ளோயர்களைக் கைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். பின்பக்கம் அவருக்கு ஒரு குடோன் உண்டு. முன்பு தோல் காயப்போட்ட இடம், நல்ல உயரம். தரையில் குழி வெட்டி, ப்ளோயர்களை மேல்நோக்கிப் படுக்க வைத்து, சுற்றிலும் தகரத்தை வளைத்துக் கட்டினார். காற்று வெளியேறக் கூரை நடுவில் தகடுகளைக் கழற்றினார். ப்ளோயர்களுக்கு மேலே படுத்துக்கொள்ள கோலிவாடா மீனவர் குப்பத்திலிருந்து ஒரு பழைய மீன்வலை வாங்கி இழுத்துக் கட்டினார். வலையின் வாசனைக்கு அந்த வட்டாரத்துப் பூனைகள் அத்தனையும் குடோனுக்குக் குடிவந்தன.

முதல் ஒத்திகைக்கு என்னை எழுப்பிக் கூட்டிப் போனார். லுங்கியோடு வலைமேல் குப்புறப் படுத்து, "போடு தம்பி" என்றார். நான் சுவிட்சைப் போட்டேன். பாய் எழும்பவில்லை. லுங்கி எழும்பியது. எழும்பியது மட்டுமில்லை, அவர் தலையைத் தாண்டிப் போயிற்று. நான் நாகரிகமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குள் சந்து முழுக்க மின்சாரம் போய்விட்டது. எதிர் பட்டறையில் இருந்த பிகார் டெய்லர் ஓடிவந்து, "அரே பாய், பந்த் கரோ! சாரா மஷின் பந்த் ஹோ கயா!" என்று, மெஷின் எல்லாம் நின்றுபோனதாகக் கத்தினார். வந்தவர் பாயை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதையே மறந்து திரும்பிப் போனார்.

அதன் பிறகு ஒத்திகை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்று ஆனது. வெள்ளிக்கிழமை பட்டறைகளுக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிந்து சந்து சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் பாய் மட்டும் வெறும் வயிற்றோடு வலையில் கிடப்பார். பிளாஸ்டிக் பட்டறையில் ப்ளோயரைப் போட்டால் லேசான சில்லு மேலே பறக்கும், கனமானது கீழே விழும். மனிதனும் அப்படித்தான் என்பது அவர் முடிவு. வீட்டில் ஆட்டுக்கறி மணக்கும். பாய் பல்லைக் கடித்துக்கொண்டு காற்றுக் குடிப்பார். மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே மூச்சில் சாப்பிட்டு, இழந்த கனத்தை மீட்டுக்கொள்வார்.

அவர் மனைவி மைமூன் அக்காவுக்கு முதலில் இதெல்லாம் ஏதோ ப்ளோயர் ரிப்பேர் என்றுதான் நினைப்பு. லுங்கி விவகாரம் டெய்லர் மூலமாகக் காதுக்குப் போனதும், கோபப்பட்டுவிட்டு, குடைத்துணியில் கைகால் தொளதொளவென்று ஒரு உடுப்புத் தைத்துக் கொடுத்தார். வீட்டில் உட்கார்ந்து பட்டறைக்குத் தையல் வேலை செய்கிறவர், கை சுத்தம். அதைப் போட்டுக்கொண்டு பாய் நடந்து வந்தால், மழையில் திருப்பிக்கொண்ட குடை நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

அக்காவுக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது என்னால்தான். பூனாவில் ஒரு கிளப்பில் பாராசூட் கட்டிக் குதிக்கக் கற்றுத் தருகிறார்கள் என்று பாய் எங்கேயோ கேள்விப்பட்டு, ஆபீஸ் போனிலிருந்து என்னைப் பேசச் சொன்னார். மறுமுனையில் ஓய்வுபெற்ற ஒரு மேஜர்.

"அந்த ஆளுக்கு முன் அனுபவம் உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உண்டு சார். வாராவாரம் காற்றில் படுத்துப் பழகுகிறார்" என்றேன்.

"எங்கே?"

"தாராவியில் சார்."

மேஜர் அந்த இடத்தின் பேரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, மழைக்கு முன் கடைசி பேட்ச் ஒன்று இருக்கிறது, எதற்கும் அந்த மனிதரை நேரில் பார்த்தாக வேண்டும், அனுப்பு என்றார். இந்த நல்ல செய்தியை நான் சந்தோஷமாகக் கடை வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"ப்ளேன்ல இருந்தா? யாரு, இவுகளா?"

அன்று சந்தில் வேறு சத்தமே கேட்கவில்லை. அக்கா திட்டினார், அழுதார், தன் தம்பியைக் கப்பலோடு சேர்த்துச் சபித்தார். "ஊருல கெணத்துக்குள்ள எட்டிப் பாக்கவே பயப்படுத மனுசன். ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் இந்த ஊர்ல யாருகிட்டப் போயி நிக்கதுக்கு?" என்று கேட்டார். காற்று ரெடியாக இருக்கிறது என்பதை அக்காவிடம் சொல்லப் பாய்க்கே தைரியம் வரவில்லை. கடைசியில் அக்காதான் ஒரு நிபந்தனை போட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழம என் கண்ணு முன்னால எழும்பிக் காட்டுங்க. எழும்பிட்டா போங்க, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். எழும்பலன்னா அந்தக் குப்பையெல்லாம் இரும்புக்கடையில போட்டுட்டு, இனிமே அந்தப் பேச்சே எடுக்கப்பிடாது."

"சரி" என்றார் பாய். முகத்தில் அத்தனை நிம்மதி. இதுவரை ஒரு விரல்கூட எழும்பாதவருக்கு எங்கிருந்து அந்த நம்பிக்கை வந்தது என்பது எனக்கு இன்னொரு குழப்பம்.

இங்கே பம்பாய் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மே மாதக் கடைசியில் தாராவி முழுக்கக் கூரைமேல் நீலத் தார்ப்பாய் ஏறிவிடும். எங்கள் சந்து இளவட்டங்கள் ஒரே நாளில் கூரை கூரையாகத் தாவி, எல்லாவற்றையும் மூடி, கயிறு கட்டி, பறக்காமலிருக்கப் பழைய டயர்களை மேலே போட்டுவிட்டு வருவார்கள். அந்த வருஷம் அது, அக்கா சொன்ன வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை நடந்தது. பாயின் குடோன் கூரையில் இவ்வளவு பெரிய ஓட்டை இருப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அதற்கு மட்டும் இரட்டைத் தார்ப்பாய் போட்டார்கள். உதவி என்று வந்துவிட்டால் எங்கள் சந்து யாரையும் கேட்டுக்கொண்டிருக்காது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கூட்டம் குடோனுக்குள் முண்டியடித்தது. பாய் குடைத்துணி உடுப்போடு வந்தார். தூசி விழாமலிருக்க வெல்டிங் கண்ணாடி மாட்டியிருந்தார். அதைப் போட்டால் சூரியனே மங்கலாகத்தான் தெரியும். யாரும் மேலே பார்க்கவில்லை. இருட்டாக இருக்கிறதே என்று ஒருவர் சொன்னதற்கு, "மேகம் கட்டியிருக்கு" என்று இன்னொருவர் பதில் சொன்னார். அக்கா மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றார். அதைத் தானேதான் போடுவேன் என்று சொல்லிவிட்டார்.

பாய் பிஸ்மி சொல்லிப் படுத்தார். அக்கா சுவிட்சை இழுத்தார்.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. வெளியேற வழியில்லாத காற்று குடோனுக்குள்ளேயே சுற்றியது. காலகாலமாகச் சேர்ந்திருந்த தோல் தூசியும் பிளாஸ்டிக் தூசியும் ஒன்றாகக் கிளம்பின. எனக்கு முன்னால் இருந்த என் கை தெரியவில்லை. ஒரே ஒரு பூனை மட்டும் நாலு காலையும் விரித்தபடி மேலே போனதை நான் சத்தியமாகப் பார்த்தேன். பிறகு தலைக்கு மேலே படாரென்று ஒரு சத்தம். இரட்டைத் தார்ப்பாய் கயிறறுத்துக்கொண்டு, டயர்களை உதறிவிட்டு, வானத்தில் ஏறித் தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் போய்விட்டது. அது ரேஷன் கடை மண்ணெண்ணெய் க்யூவின்மேல் இறங்கியதாகவும், இடம் பறிபோய்விடும் என்று ஒருவரும் அதற்கடியிலிருந்து வெளியே வரவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

அக்கா சுவிட்சை அணைத்தார். தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று. பூனை உத்திரத்தில் உட்கார்ந்து எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தது. பாய் வலைமேல், படுத்த இடத்திலேயே, கைகளை விரித்தபடி கிடந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் மண் நிறம்.

"எழும்புனேனா?" என்றார்.

குடோனில் ஆளுக்கு ஒரு பதில் கிளம்பியது. டெய்லர் "தீன் ஃபுட்!" என்று மூன்றடி உயரத்துக்குக் கையை உயர்த்திக் காட்டினார். தன் முன்னால் ஒன்றுமே அசையவில்லை என்றார் ஒருவர். வெளியே நின்ற டீக்கடைக்காரர், பாய் கூரையைப் பிய்த்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனதைத் தானே பார்த்ததாகச் சொல்லி, பாய் உள்ளே இருப்பதைப் பார்த்துக் குழம்பிப்போய் நின்றார். பாய் இவர்கள் யாரையும் கவனிக்கவில்லை. அக்காவையே பார்த்தார்.

அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ப்ளோயர்கள் இரும்புக்கடைக்குப் போகும், பாய் வீட்டில் இருப்பார், அக்காவும் நிம்மதியாகத் தூங்கலாம். அக்கா தூசி படிந்த துப்பட்டியால் வாயைத் துடைத்துக்கொண்டார். பாயின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எழும்புனாக" என்றார். "ஒரு சாண். நான் பாத்தேன்."

குடோனே கைதட்டியது. அக்கா யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பூனா வண்டிக்காக நான் ஷிஃப்ட் முடிந்து நேராகத் தாதர் ஸ்டேஷனுக்குப் போனேன். மேஜரிடம் பேச மொழிபெயர்ப்பாளன் நான்தான். பாய் வந்தார். வெறும் கையோடு வந்தார்.

"பை எங்க பாய்?"

"வீட்ல இருக்கு. அவதான் கட்டுனா. சட்டை, தைலம், வழிக்கு முட்டை, அந்தக் குடைத்துணிய வேற தொவச்சு மடிச்சு வச்சிருக்கா. ஒரு வார்த்த பேசல. அழுவக்கூட இல்ல." ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் போவல தம்பி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்காதான் போகச் சொல்லிட்டாங்களே பாய்?"

"அதான். எழும்பலன்னு சொல்லியிருந்தா, இன்னும் ரெண்டு ப்ளோயர் போட்டு, சண்ட புடிச்சாவது போயிருப்பேன். எழும்புனேன்னு சொல்லிட்டாளே. நான் கண்ணாடியக் கழத்தையில பாத்தேன். சுவிட்சுல இருந்து கைய எடுக்கவே இல்ல. அது தானா மறுபடி ஓடிருமோன்னு அழுத்திப் புடிச்சிட்டே நின்னா. அந்தப் பயத்தோட எனக்காவச் சொல்லுதா. இதுக்கு மேல நான் எங்க போயிக் குதிக்க?"

பூனா வண்டி வந்தது, நின்றது, போனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நீ உண்மையச் சொல்லு. எழும்புனேனா?"

நான் பார்த்தது பூனையை மட்டும்தான். "ஒரு சாண் இருக்கும் பாய்" என்றேன்.

"ஒரு சாண்னா, அவ சாணா, ஓஞ் சாணா?"

"அக்கா சாண்தான்."

"அது சின்னது" என்று சொல்லிவிட்டு, அந்த ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

அவர் எழும்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. ஆனால் இந்தக் கதையை யாரிடமாவது சொல்லும்போது அவரை ஒரு முழத்துக்கு ஏற்றிவிடுகிறேன். சில சமயம் இரண்டு முழம்கூடப் போய்விடுகிறது. அந்த மனிதரைக் கீழே இறக்கிச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.