ரெண்டு கட்டை நாயனம்

1987 ஜூன் 7, ஞாயிறு. எழுந்ததும் மழைமானியைப் பார்த்தேன். நான் தோட்டத்து டிரெசர், மருந்து கட்டுகிறவன்; மருந்தகத்தைத் திறந்து ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். பிறகு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அன்று தோட்டத்துக் கோயிலில் கிட்டக்கிராணியின் அக்கா மகளுக்குக் கல்யாணம்.

கேமரன் மலையில் எது எதற்குக் கிட்ட இருக்கிறது என்பதைக் கடவுளுக்கு அடுத்தபடியாக அறிந்தவர் எங்கள் கிட்டக்கிராணிதான். கடவுளே விசாரிக்க வந்திருந்தாலும் கொஞ்சம் உட்காரச் சொல்லியிருப்பார். கேசட் ஓடி முடிய வேண்டுமே.

தோட்டத்து ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதுகிற கிராணி அவர். ஈப்போவுக்குப் போய் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து, டிவியோடும் கேசட் ரேடியோவோடும் இணைத்து, தானே ஒரு புரோகிராம் எழுதி கேசட்டில் பதிந்து வைத்தார். நிற்கிற இடத்தையும் தேவையான பொருளையும் தட்டினால், மிகப் பக்கத்தில் அது எங்கே கிடைக்கும் என்று திரை சொல்லும். இதற்காக மூன்று வருடம், கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்தி, "நீங்க எத்தனை கட்டை?" என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டார். இங்கே மைல்கல்லுக்குக் கட்டை என்று பெயர். சாவு வீட்டிலும் கேட்டார். பல் பிடுங்கிக்கொள்ள என்னிடம் வந்தவர், வாயில் பஞ்சோடு, பக்கத்துப் பெஞ்சில் இருந்தவரிடமும் கேட்டார்.

முதலில் அந்தப் பெட்டியை நம்பியவர் எங்கள் கங்காணி. மேல் லைன் வீடுகளிலிருந்து புகையிலைக் கடை எங்கே கிட்ட என்று கேட்டார். பெட்டி ஒரு கடையைச் சொன்னது. கடை கிட்டத்தான் இருந்தது. நடுவில் ஒரு பள்ளத்தாக்கும் இருந்தது. காலெல்லாம் அட்டைக்கடியோடு திரும்பி வந்தார்.

"பள்ளம் இருக்குன்னு உன் பொட்டி சொல்லலியே, கிராணி?"

"நீங்க கடையைத்தானே கேட்டீங்க. பள்ளத்தைக் கேக்கலியே."

கிராணியின் அக்கா விதவை. அடுத்த வீட்டில் இருந்தார். தம்பியின் கம்ப்யூட்டரை அவர் 'சவப்பொட்டி' என்றுதான் சொல்வார். ஆனாலும் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் பொறுப்பு மேளம் என்பதால் அதைத் தம்பியிடமே விட்டிருந்தார். கிராணியும் ஈப்போ மேளத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்.

காலையில் ஆபீசுக்குப் போன் வந்தது. மலைக்கு ஏறுகிற தாப்பா ரோட்டில் மண் சரிவு. மேளக்காரர்கள் அடிவாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே ஜொகூரிலிருந்து வந்து கோயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தம்பி, அப்பன் இல்லாத புள்ள. கெட்டிமேளம் இல்லாம தாலி ஏறுனா, ஊமைக் கல்யாணம்னு அவ மாமியா காலத்துக்கும் குத்திக் காட்டுவா," என்றார்.

"பத்து நிமிசம் குடுங்க அக்கா," என்று கிராணி கேசட்டைப் போட்டார்.

கேசட் ஓடும்போது பூனையை வாளிக்குள் போட்டு மூடினதுபோல் ஒரு சத்தம் வரும். அது அடங்கியதும் 'நாயனம்' என்று தட்டினார். திரையில் வந்தது: ரெண்டு கட்டை.

"பாத்தீங்களா டிரெசர்? தானா ராத்தா டவுனுல இருந்து ரெண்டாங் கட்டை. கிட்டக்கதான்."

லேண்ட் ரோவரில் பறந்தோம். ரெண்டாம் கட்டையில் கோயில் இல்லை, தமிழர் வீடே இல்லை. கண்ணுக்கெட்டியவரை கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் தோட்டம். நடுவில் ஒரு சீனக் கிழவர் மருந்தடித்துக்கொண்டிருந்தார். லைன் சனங்களுக்குக் காய்கறி விற்று அரைகுறைத் தமிழ் பழகியவர். சீன முதலாளிகளை இங்கே தவுக்கே என்போம்.

"தவுக்கே, நாயனம் இருக்கா?"

"நாயனம் தெரியாது. கோபிஸ் இருக்கு. இன்னிக்கி மலிவு லா."

கிராணி விடவில்லை. வரப்பில் நின்று, கன்னத்தை உப்பி, விரல்களைக் காற்றில் ஓட்டி, தலையையும் ஆட்டிக் காட்டினார். கிழவர் முதுகில் மாட்டியிருந்த மருந்துத் தோம்பை இறக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு குழலை எடுத்து வந்தார். கட்டையாக, முனையில் பித்தளைப் புனலோடு, நாயனத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது. பிரிஞ்சாங் சீனக் கோயில் ஊர்வலத்தில் ஊதுவாராம். ஒரு தரம் ஊதிக் காட்டினார். அடுத்த மேட்டில் நாய்கள் எழுந்து நின்றன.

"இது போதும்," என்றார் கிராணி. "ஏறுங்க தவுக்கே."

தாலி ஏறியபோது எங்கள் கோயில் உறுமிக்காரர்கள் அடிக்க, தவுக்கே கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். அது எந்த ராகம் என்று யாரும் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியும் நிறுத்தவில்லை. பொண்ணு மாப்பிள்ளை மூன்று சுற்றுச் சுற்றி வரும்வரை ஊதினார்.

மாமியார் அக்காவின் பக்கம் சாய்ந்தார். "எங்க ஜொகூர்ல இந்த மாதிரி மேளம் கெடைக்காது, சம்மந்தி. ரொம்பச் செலவாயிருக்குமே?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

பந்தியில் என் பக்கத்து இலையில், மலையில் கீழே இருக்கிற ரிங்லெட் ஊர்க்காரர் ஒருவர், அப்போதுதான் வந்து சேர்ந்தவர், பாயசம் விட்டுக்கொண்டிருந்த கிராணியைப் பிடித்துக்கொண்டார். "ஏன் கிராணி, நாயனம் இல்லாம தவிச்சீங்களாமே? என்னைக் கூப்புட்டா வந்திருப்பேனே. நாயனம் வண்டியிலதான் கெடக்கு."

"நீங்க ரெண்டாங் கட்டைலல்ல இருக்கீங்க?"

"நான் எப்பவும் ரிங்லெட்தான். திருவிழாவுல வாசிச்சுட்டு எறங்குறப்ப, 'நீங்க எத்தனை கட்டை'ன்னு கேட்டீங்க. ரெண்டுன்னேன். நான் வாசிக்கிற சுருதிய்யா அது."

நாயனக்காரருக்குக் கட்டை என்றால் சுருதி. கிராணி அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டார். பிறகு, "இருக்கட்டும். பெட்டி சொன்ன எடத்துல ஆள் இருந்தாரா இல்லியா?" என்று அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

மண்ணை அள்ளி ரோட்டைத் திறந்துவிட்டதும், மாலையில் பெண்ணை ஜொகூருக்கு அனுப்பி வைத்தோம்.

மறுநாள் திங்கள். ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டுக்கு முன்பே கிராணி வீட்டு விளக்கு எரிவதைப் பார்த்து உள்ளே போனேன். தவுக்கேயை நாயனக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். திரைக்கு முன்னால் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது.

"தம்பி, ஜொகூர்ல பாப்பா வீடு இங்கேருந்து எவ்வளவு தூரம்னு கேளு."

ரிங்லெட்டுக்குக் கீழே அந்தப் பெட்டிக்கு ஒரு ஊரும் தெரியாது. கிராணி என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. கிராணி எதையோ தட்டிவிட்டு, திரையைப் படிப்பதுபோல் சொன்னார்:

"கிட்டக்கதான், அக்கா."